அடுக்ககத்து நாய்க்குட்டி: எந்த இடத்தைப் பழக்குவது?

நாய்க்குட்டி வாங்கப் போகிறவர்கள் இனம், நிறம், பெயர் என்று வாரக்கணக்கில் விவாதிக்கிறார்கள். அது எங்கே சிறுநீர் கழிக்கும் என்ற பேச்சு மட்டும், குட்டி வந்து கூடத்தின் நடுவே முதல் குட்டையைத் தேக்கிய பிறகே எழுகிறது. உடனே ஒருவர் பழைய செய்தித்தாளை விரிக்கிறார். ஒருவர் குளியலறைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார். இன்னொருவர், தெருவுக்குக் கொண்டுபோக வேண்டியதுதானே என்று சோபாவில் இருந்தபடியே யோசனை சொல்கிறார். அன்று மாலைக்குள் குட்டிக்கு ஒன்றோடொன்று ஒட்டாத மூன்று பாடங்கள் நடந்துவிடுகின்றன.

இவற்றில் எது நல்லது என்பதற்கான பதில் வீட்டுக்கு வீடு மாறும். முடிவெடுக்கும் வழி மாறாது. இந்த நாய்க்கு ஒரு வயது ஆகும்போது அது எங்கே போக வேண்டும் என்பதை முதலில் தீர்மானியுங்கள். இன்றைக்கு எதை விரிப்பது என்ற கேள்வியை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான வீடுகளில் இந்த வரிசை தலைகீழாக நடக்கிறது. இரண்டு வயதாகியும் கால்மிதியை நனைக்கும் நாய்கள் அப்படித்தான் உருவாகின்றன.

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். சென்னையில் மூன்றாவது மாடி, இரண்டு படுக்கையறை, ஒரு சிறிய பால்கனி. குட்டிக்கு எட்டு வாரம்; ஒரு தடுப்பூசி மட்டும் போட்டிருக்கிறது. இந்த வீட்டுக்கு ஐந்து வழிகள் இருக்கின்றன: காகிதம் அல்லது உறிஞ்சு விரிப்பு, குளியலறை, பால்கனியில் புல் தட்டு, மொட்டை மாடி, தெரு. கூண்டு ஆறாவது வழி என்று பலர் நினைக்கிறார்கள். அதைப் பிறகு பார்ப்போம்.

எட்டாவது வாரத்தில் என்ன நடக்கிறது

நாய் வளர்ப்பு, விற்பனை குறித்து மத்திய அரசு 2017இல் கொண்டுவந்த விதிகளின்படி எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கக் கூடாது. ஆகவே முறைப்படி வாங்கினால் குட்டி இரண்டு மாத வயதில் கைக்கு வரும். கழிப்பிடப் பழக்கம் வேர்விடுகிற வயதும் அதுதான். பிறந்த முதல் சில வாரங்களில் தாய் நக்கித் தூண்டினால்தான் குட்டியால் கழிக்கவே முடியும். ஏறக்குறைய மூன்று வாரம் ஆனதும் படுக்கும் இடத்தை விட்டுத் தள்ளாடி நகர்ந்துபோய்க் கழிக்கத் தொடங்கும். எட்டு, ஒன்பது வாரங்களில் காலுக்கு அடியில் எந்தப் பரப்பு இருக்கிறதோ அதைக் கழிப்பிடம் என்று மனத்தில் பதித்துக்கொள்ள ஆரம்பிக்கும். மண்ணா, புல்லா, காகிதமா, வழவழப்பான தரையா என்பது பாதத்தின் வழியாகவே பதிகிறது. அறை, கதவு, சுவர் போன்ற நம்முடைய எல்லைகள் அதற்கு அவ்வளவு பெரிய விஷயமில்லை.

தற்காலிகமாக என்று நாம் சொல்லிக்கொள்ளும் ஏற்பாடு எதுவும் குட்டிக்குத் தற்காலிகமாகத் தெரியாது என்பது இதனால்தான். காகிதத்தில் மூன்று மாதம் பழகிய குட்டியைப் பிறகு மண்ணுக்கு மாற்றுவது, ஒன்றை மறக்கடித்து இன்னொன்றைக் கற்பிக்கும் இரட்டை வேலை.

அடக்கும் திறனையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வயது எத்தனை மாதமோ அதோடு ஒன்றைக் கூட்டினால் வருவது, பகலில் குட்டி தாங்கக்கூடிய அதிகபட்ச மணிநேரம் என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி நேரம். அதுவும் தூங்கினால்தான். விழித்து விளையாடிக்கொண்டிருந்தால் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே போய்விடும். தூங்கி எழுந்ததும், சாப்பிட்ட கொஞ்ச நேரத்திலும், விளையாட்டின் நடுவில் திடீரென்று தரையை முகர்ந்து வட்டமடிக்கும்போதும் தூக்கிக்கொண்டு ஓட ஆள் வேண்டும். எந்த வழியைத் தேர்ந்தாலும் இந்த ஓட்டம் உண்டு. எவ்வளவு தூரம் ஓட வேண்டும் என்பதில்தான் வழிகள் வேறுபடுகின்றன. மூன்றாவது மாடியில் லிஃப்ட் வருவதற்குள் குட்டி வேலையை முடித்துவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

காகிதமும் உறிஞ்சு விரிப்பும்

செய்தித்தாளுக்குச் செலவில்லை. பழைய பேப்பர் கடைக்குப் போக வேண்டியது குட்டிக்குப் போகிறது, அவ்வளவுதான். ஆனால் காகிதம் ஈரத்தைப் பிடித்து வைக்காது. மூன்று நான்கு தாள் விரித்தாலும் அடியில் கசியும். குட்டி அதை மிதித்து வீடெங்கும் தடம் பதிக்கும். கிழிப்பது அதற்கு இன்னொரு விளையாட்டு. பேட் என்று கடைகளில் கேட்டால் கிடைக்கும் உறிஞ்சு விரிப்பு இந்த விஷயத்தில் மேல். அடியில் பிளாஸ்டிக், நடுவில் ஈரத்தைக் கூழாக்கிப் பிடித்துக்கொள்ளும் பொருள். தரை நனையாது. ஆனால் பஞ்சு நிரம்பிய ஒன்றைக் குட்டியிடம் கொடுத்தால் அது என்ன செய்யும் என்று சொல்லவா வேண்டும். விழுங்கிவிட்டால் குடலில் அடைப்பு வரலாம். கடிக்கிற குட்டியாக இருந்தால் சட்டம் வைத்த தட்டில் பொருத்தியே வைக்க வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று நான்கு விரிப்பு என்று மாதக் கணக்குப் போட்டுப் பாருங்கள். குப்பையைப் பற்றியும் யோசியுங்கள்: மக்காத பிளாஸ்டிக்கும் மலமும் சேர்ந்த ஒன்றை மாநகராட்சியின் எந்தக் கூடையில் போடுவீர்கள்?

எனக்கு உள்ள பெரிய ஆட்சேபம் வேறு. விரிப்பின் தொடுகை மெத்தென்று, துணி மாதிரி இருக்கிறது. வீட்டில் அதே தொடுகையுள்ள பொருள்கள் எத்தனை என்று எண்ணுங்கள்: கால்மிதி, தரைவிரிப்பு, கீழே கிடக்கும் துண்டு, பாட்டியின் பாய்மீது மடித்து வைத்த போர்வை. குட்டி தவறு செய்வதில்லை. கற்றதைச் சரியாகவே பொருத்திப் பார்க்கிறது.

ஆனாலும் விரிப்புக்கு ஒரு நியாயமான இடம் இருக்கிறது. அடிக்கடி கீழே இறங்க முடியாத முதியவர்கள் ஷிட்ஸூ போன்ற சிறிய இனத்தை வளர்த்தால், வாழ்நாள் முழுவதும் விரிப்பு என்று முடிவெடுப்பதில் எந்தக் குறையும் இல்லை. சிறிய உடம்பில் சிறுநீர்ப்பையும் சிறியது, அளவும் குறைவு. இதை இறுதி இடமாகத் தேர்ந்துகொள்ளலாம். வேறு இடத்துக்குப் போகும் வழியில் தங்குமிடமாக வைத்துக்கொள்ள வேண்டாம் என்பதே என் வாதம்.

குளியலறை

நம் வீடுகளில் மிக இயல்பாகத் தோன்றும் வழி இது. தண்ணீர் இருக்கிறது, வடிகால் இருக்கிறது, ஒரு வாளி ஊற்றினால் முடிந்தது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பயிற்சிக் குறிப்புகளில் இது பெரும்பாலும் இருக்காது. அங்கே குளியலறையின் தரை நம்முடையதுபோல் வாளி நீர் ஊற்றிக் கழுவிவிடும் தரை இல்லை. நமக்கு வசதி இருக்கத்தான் செய்கிறது. பலர் வெற்றிகரமாகப் பழக்கியும் இருக்கிறார்கள்.

சிக்கல் டைல்ஸில் இருக்கிறது. குளியலறையில் வழவழப்பான டைல்ஸ், கூடத்திலும் டைல்ஸ், சமையலறையிலும் டைல்ஸ். பாதத்தின் வழியாகக் கற்கும் குட்டிக்கு வீடு முழுவதும் ஒரே கழிப்பறை. வாசனையும் ஈரமும் மட்டுமே அதற்கு வேறுபாட்டைச் சொல்கின்றன. நீங்கள் நன்றாகக் கழுவி உலர்த்திவிட்டால் அந்த அடையாளமும் போய்விடுகிறது. சுத்தமாக இருக்கும் வீட்டில்தான் இந்தப் பயிற்சி அதிகம் தோற்கிறது என்பது வேடிக்கை. தவிர, யாராவது உள்ளே குளித்துக்கொண்டிருந்தால் குட்டிக்கு வழியில்லை. ஆசிட் ஊற்றித் தேய்த்த தரையைக் குட்டி நக்கினால் வாய் புண்ணாகும்.

குளியலறைதான் என்று முடிவெடுத்தால், ஒரு மூலையில் சொரசொரப்பான ரப்பர் பாயோ செயற்கைப் புல்லோ போட்டு, அந்தப் பரப்பைப் பழக்குங்கள். அப்போது டைல்ஸ் என்பது நடக்கும் இடம், பாய் என்பது கழிக்கும் இடம் என்று பிரியும்.

பால்கனியில் புல் தட்டு

நம் மாதிரி வீட்டுக்கு நான் முதலிடம் கொடுப்பது இதற்கு. ஒரு பெரிய பிளாஸ்டிக் தட்டு, அதில் தென்னை நார்க் கழிவு ஒரு படுகை, மேலே நர்சரிகளில் மண்ணோடு பெயர்த்துப் பாயாக விற்கும் புல். குட்டியின் காலுக்குக் கிடைப்பது உண்மையான புல்லும் மண்ணும். தடுப்பூசிகள் முடிந்து தெருவோரத்துக்கோ குடியிருப்பின் தோட்டத்துக்கோ அழைத்துப்போகும் நாளில் அது புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை. அதே பரப்பு, பெரிய அளவில். தெருவில் இறக்காமலே தெருவுக்குப் பழக்குவதால், பின்னால் மாறுகிற தொல்லை இல்லை. கூடத்திலிருந்து நான்கு எட்டில் போய்விடலாம் என்பது கூடுதல் வசதி.

புல் நிலைக்காது. சிறுநீரில் உள்ள நைட்ரஜன் மிகுந்து புல் கருகும். சில வாரங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். செயற்கைப் புல் நிலைக்கும். ஆனால் இழைகளின் அடியில் சிறுநீர் தங்கி, சித்திரை வெயிலில் பால்கனிக் கதவையே திறக்க முடியாதபடி நாறும். தினமும் கழுவும் பொறுமை இருந்தால் மட்டும் அதை வாங்குங்கள். தட்டின் விளிம்பு உயரமாக இருக்கட்டும். கீழ் வீட்டுக்காரர் காயப்போட்ட சட்டையில் ஒரு முறை சொட்டினால் போதும், பிறகு அசோசியேஷன் கூட்டத்தில் உங்கள் நாய்தான் முதல் பொருள். கம்பி இடைவெளி வழியாகக் குட்டி நழுவிவிடும் என்பதால் புறாவுக்காகக் கட்டும் வலையைத் தரைவரை இழுத்துக் கட்டிவிடுவது அவசியம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்தத் தட்டின் அருமை தெரியும். அடைமழையில் எந்தக் குட்டியும் வெளியே கால் வைக்க விரும்பாது. தேங்கிய நீரில் எலியின் சிறுநீர் கலந்து எலிக்காய்ச்சல் பரவும் காலமும் அதுதான்.

மொட்டை மாடி

தொலைவிலிருந்து பார்க்க நல்ல யோசனை. தெருநாய்கள் வராத திறந்த வெளி. ஆனால் சிமென்ட் தரையும் தட்டோடும் பங்குனியிலிருந்து ஆடி வரை நண்பகலில் பாதத்தைப் பொசுக்கும். மாடி எல்லோருக்கும் பொது. ஒரு பக்கம் துணிக்கொடி, மறுபக்கம் யாரோ பிழிந்து காயவைத்த வடாம். கைப்பிடிச் சுவர் தாழ்வாக இருந்தால் ஆபத்தும் உண்டு. மேல்தளத்தில் வசிப்பவர்கள் காலையிலும் இரவிலும் பயன்படுத்திக்கொள்ளலாம். மற்றவர்கள் விட்டுவிடலாம்.

நேரடியாகத் தெரு

கற்பித்தல் என்று மட்டும் பார்த்தால் இதுவே சிறந்த வழி. இறுதி இடம் எதுவோ அதையே முதல் நாளிலிருந்து பழக்குகிறோம். குளிர்நாடுகளில் வெளியான கையேடுகள் தோட்டத்துக்கு நேரே கொண்டுபோகச் சொல்வதன் காரணம் இது. நம் தெருவுக்கு அதை அப்படியே கொண்டுவர முடியாமல் தடுப்பது பார்வோ என்ற, குட்டிகளின் உயிரையே பறிக்கக்கூடிய வைரஸ் நோய்.

இந்த வைரஸ் 1978இல் அடையாளம் காணப்பட்டது. நோயுற்ற நாயின் மலத்தில் கோடிக்கணக்கில் வெளியேறி, நிழலான மண்ணில் மாதக்கணக்கில், சில சூழல்களில் ஒரு வருடத்துக்கு மேலும் உயிர்ப்போடு கிடக்கும். தடுப்பூசி போடாத நாய்கள் திரியும் தெருவோர மண் எதையும் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது. குட்டிகளுக்கான முக்கியத் தடுப்பூசிகள் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் தொடர்ந்து, பதினாறு வாரமோ அதற்கு மேலோ ஆன பிறகு ஒரு ஊசியோடு முதல் சுற்று முடிய வேண்டும். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புப் பொருள்கள் முந்தைய ஊசிகளின் வேலையைத் தடுத்துவிடக்கூடும் என்பதால்தான் இத்தனை தவணை. ஒரு ஊசி போட்டாகிவிட்டதே என்று தெருமண்ணில் இறக்கிவிடுகிறவர்கள் எடுப்பது பெரிய சூதாட்டம்.

ஆனால் பதினாறு வாரம் வரை குட்டியை வீட்டுக்குள்ளேயே பூட்டி வைப்பதும் தவறு. மூன்று வாரத்திலிருந்து பன்னிரண்டு, பதினான்கு வாரம் வரையிலான காலத்தில்தான் ஆட்டோ சத்தம், குழந்தைகள், தள்ளுவண்டி, மற்ற விலங்குகள் எல்லாம் உலகின் இயல்பான பகுதி என்று அது கற்றுக்கொள்கிறது. கையில் தூக்கியபடி தெருவைக் காட்டுங்கள். தரையில் மட்டும் விடாதீர்கள். பார்வோ செருப்பின் அடியிலும் வரும் என்பதால், செருப்பை வாசலிலேயே கழற்றும் நம் பழக்கம் இங்கே பெரிய உதவி.

தடுப்பூசிகள் முடிந்து தெருவுக்கு இறங்கும்போது கையில் ஒரு பை இருக்க வேண்டும். இந்திய விலங்குகள் நல வாரியத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி குடியிருப்போர் சங்கம் நாய் வளர்ப்பதைத் தடை செய்யவோ லிஃப்டில் ஏற்றக் கூடாது என்று சொல்லவோ முடியாது. அதே வழிகாட்டுதல் நாயின் கழிவைச் சுத்தம் செய்யுமாறு வளர்ப்பவருக்கும் சொல்கிறது. முதல் பாதியை மனப்பாடமாக ஒப்பிப்பவர்களுக்கு இரண்டாம் பாதி ஏனோ நினைவுக்கு வருவதில்லை. அடுத்த வீட்டு வாசல் கோலமும், நிறுத்தி வைத்த மோட்டார் சைக்கிள் சக்கரமும் உங்கள் நாய்க்கு மிகப் பிடித்த இடங்களாக இருக்கும். அவற்றிலிருந்து விலக்கிக் கூட்டிப்போவது உங்கள் வேலை.

கூண்டு எதற்குப் போட்டி?

காகிதமா கூண்டா என்று கேட்பவர்கள் இரண்டு வெவ்வேறு கேள்விகளைக் கலந்துவிடுகிறார்கள். காகிதம், புல், தெரு எல்லாம் எங்கே என்பதற்கான பதில்கள். கூண்டு, நீங்கள் கவனிக்க முடியாத நேரத்தில் என்ன செய்வது என்பதற்கான பதில். படுக்கும் இடத்தை நனைக்க விரும்பாத இயல்பை அது பயன்படுத்திக்கொள்கிறது. எழுந்து நிற்க, திரும்ப, நீட்டிப் படுக்க இடம் இருந்தால் போதும். இதைவிடப் பெரிதாக இருந்தால் ஒரு மூலையில் கழித்துவிட்டு மறுமூலையில் தூங்கும். வளரும் இனமாக இருந்தால் நடுவில் தடுப்பு வைத்த கூண்டு வாங்கினால் மறுபடி செலவு வராது.

இரவுக்குக் கூண்டு நல்லது. உங்கள் கட்டிலருகே வைத்தால் குட்டி முனகும்போது கேட்கும், எழுந்து பால்கனிக்குத் தூக்கிப்போகலாம். இரண்டு மாதக் குட்டிக்கு இரவில் ஒரு முறையாவது இது தேவைப்படும். பகலில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரத் தூக்கத்துக்கும் பொருந்தும். காலையில் அடைத்துவிட்டு அலுவலகம் போய் மாலையில் திறப்பதற்கு அது பொருந்தவே பொருந்தாது. வேறு வழியில்லாமல் கூண்டிலேயே கழித்து அதிலேயே புரளும் குட்டிக்கு அருவருப்பு மரத்துப்போகும். பிறகு அதைப் பழக்குவது மிகக் கடினம். அழுக்குக் கூண்டில் வாரக்கணக்கில் கிடந்து விற்பனையாகும் கடைக் குட்டிகளிடம் இந்தக் கோளாறு இருக்கும். வாங்குமுன் கூண்டின் தரையைப் பாருங்கள். நம் வெயிலில், காற்றோட்டமில்லாத பிளாஸ்டிக் பெட்டி வேண்டாம். மின்விசிறிக்குக் கீழே கம்பிக் கூண்டு வையுங்கள்.

கூண்டு மனத்துக்கு ஒப்பவில்லை என்றால் குட்டியின் கயிற்றை உங்கள் இடுப்பில் கட்டிக்கொண்டு வீட்டு வேலையைப் பார்க்கலாம். கண்ணுக்குத் தப்பிப் போய் சோபாவுக்குப் பின்னால் கழிக்க முடியாது. பலன் ஒன்றுதான், உங்கள் இடுப்புக்குத்தான் கஷ்டம்.

எந்த வழிக்கும் பொதுவானவை

சரியான இடத்தில் கழித்து முடித்த அதே நொடியில், அங்கேயே, ஒரு சிறு தீனி. வீட்டுக்குள் வந்து கொடுத்தால் உள்ளே வந்ததற்குக் கொடுத்ததாகவே அது எடுத்துக்கொள்ளும். வெளியில் போன நாய் கழித்தவுடன் இழுத்துக்கொண்டு திரும்பாதீர்கள். கழித்தால் உலா முடிந்துவிடுகிறது என்று புரிந்துகொண்டு அடக்கத் தொடங்கும். மூக்கைச் சிறுநீரில் தேய்ப்பது, சுருட்டிய பேப்பரால் அடிப்பது ஆகியவை கற்பிக்கும் ஒரே பாடம், உங்கள் எதிரில் கழிக்கக் கூடாது என்பது. அந்தக் குட்டி தெருவில் கயிற்றோடு அரை மணி நேரம் நடந்தாலும் கழிக்காது. வீட்டுக்கு வந்து கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

சாப்பாடு நேரத்துக்கு வந்தால் மலமும் நேரத்துக்கு வரும். நாள் முழுவதும் தட்டில் தீனி கிடந்தால் கணிக்கவே முடியாது. பாசத்தில் ஊற்றும் பசும்பால் பல குட்டிகளுக்குச் செரிக்காமல் பேதியாகும். பேதியாகும் குட்டிக்கு எந்தப் பயிற்சியும் ஏறாது. தண்ணீரை மட்டும் குறைக்காதீர்கள். நன்றாகப் பழகிய குட்டி திடீரென்று சொட்டுச் சொட்டாக அடிக்கடி போனால் சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம்; மருத்துவரிடம் காட்டுங்கள்.

துடைப்பதற்கு ஃபினாயிலை நம்ப வேண்டாம். நம் மூக்குக்கு நாற்றம் மறையும், அதன் மூக்குக்கு மறையாது. பார்வோ வைரஸையும் அது கொல்லாது. நாற்றத்துக்கு என்சைம் கலந்த துடைப்பான், இல்லாவிட்டால் நீர் கலந்த வெள்ளை வினிகர். பார்வோ பயம் இருந்தால் சுத்தமாகக் கழுவிய பிறகு, ஒரு பங்கு பிளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவ வேண்டும். வினிகரையும் பிளீச்சையும் ஒன்றாகக் கலந்துவிடாதீர்கள். நச்சு வாயு வரும்.

என் தேர்வு

பகலில் ஒருவராவது வீட்டில் இருக்கும் அடுக்ககம் என்றால் பால்கனியில் உண்மைப் புல், இரவுக்குக் கூண்டு, பதினாறு வாரத்துக்குப் பிறகு தெரு அல்லது தோட்டம். பால்கனி இல்லையென்றால் குளியலறை மூலையில் அதே புல் தட்டு. முதியவர், சிறிய இனம் என்றால் வாழ்நாள் விரிப்பு. நான்கு முதல் ஆறு மாத வயதுக்குள் பெரும்பாலான குட்டிகளுக்குக் கட்டுப்பாடு வந்துவிடும். சிறிய இனங்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும்.

சுற்றுச்சுவரோடு தனி வீடு என்றால், வேறு நாய்கள் நுழையாத, சமீபத்தில் பார்வோ வந்த நாய் இருந்திராத தோட்டத்தில் முதல் நாளே தொடங்கிவிடலாம். ஆனால் கொல்லைக் கதவைத் திறந்துவிட்டு உள்ளே உட்கார்ந்துவிடாதீர்கள். வெளியே வண்ணத்துப்பூச்சியைத் துரத்திவிட்டு, வேலையை உள்ளே வந்து முடிக்கும். கூடவே போய் நிற்க வேண்டும்.

கணவன் மனைவி இருவரும் காலை எட்டரைக்குக் கிளம்பி மாலை ஏழுக்குத் திரும்பும் வீட்டுக்கு மேலே சொன்ன எதுவும் ஒத்துவராது. நடுப்பகலில் வந்து பார்க்க நம்பகமான ஓர் ஆள் கிடைத்தால் சரி. அதுவும் முடியாவிட்டால் குட்டி வேண்டாம். வளர்ந்த நாயாகப் பாருங்கள். சென்னையில் ப்ளூ கிராஸ் போன்ற காப்பகங்களில் தடுப்பூசி முடிந்த, ஒன்றிரண்டு வயது நாய்கள் வீடு தேடிக் காத்திருக்கின்றன. நீண்ட நேரம் அடக்கக்கூடிய வயது. காலையிலும் மாலையிலும் கூட்டிப்போய், நடுவில் ஒரு முறை யாராவது கதவைத் திறந்துவிட்டால், பெரும்பாலானவை சில வாரங்களில் வீட்டு ஒழுங்குக்கு வந்துவிடும்.